நட்ட நாற்றின் மேல் நிற்கும் பெண்

நீ விற்ற படம் பொய். வியட்நாமில் மலையடிவாரத்து வயலில் குனிந்து நிற்கிற அந்தப் பெண் நாற்று நடவில்லை. நடுவதுபோல நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறாள். நிறுத்தியது நீயா, வேறு யாராவதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். இதை உன் வாட்ஸ்ஆப்பில் போட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு பொம்மை வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். முதலில் கொஞ்ச நாள் எனக்கு அதுதான் வந்தது. உன் படத்தை நாலு பேர் பார்க்க மாட்டினாய். என் கேள்வியும் நாலு பேர் பார்க்கக் கிடக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உன் பெயரையும் நம் ஊரின் பெயரையும் எழுதவில்லை. அந்த அளவுக்கு நான் இன்னும் உன் அம்மாதான்.

உன் போட்டோக் கண்காட்சிக்கு முந்தின நாள் நீ போன் பண்ணியபோது நான் என் அரக்குப் பட்டை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தேன். "பட்டெல்லாம் வேணாம்மா. அந்தப் பழைய நூல் பொடவையவே கட்டிக்கிட்டு வா, வெயிலா இருக்கும்" என்றாய். பிள்ளைக்கு நம் மேல் எவ்வளவு கரிசனம் என்று நினைத்துக்கொண்டேன். தஞ்சாவூரில் அந்த ஓட்டல் மாடிக்கு ஏறி வந்து பார்த்தால் ஏசி எலும்பைக் குத்துகிறது. உன் அப்பா தோள் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். அத்தனை பேரில் வெளுத்த புடவையோடு நின்றது நானும் என்னோடு வந்த அஞ்சம்மாளும்தான். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. நீ என் கையைப் பிடித்து அந்தப் பெரிய படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாய். தோளில் கை போட்டாய். "இவங்க எங்கம்மா. இவங்களும் நடவு நட்டவங்கதான்" என்று வந்தவர்களிடமெல்லாம் தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னாய். ஆறாம் வகுப்புக்குப் போனதிலிருந்து நீ என் தோளில் கை போட்டதில்லை. அந்தக் கை எனக்காகப் போட்டதா, பார்க்கிறவர்களுக்காகப் போட்டதா? வெயிலுக்காகத்தான் நூல் புடவை கட்டச் சொன்னாயா?

சுவர் முழுக்க நீ போய் வந்த நாடுகள். படகில் ஒற்றைக் காலில் நிற்கும் மீன்காரர், சன்னல் வழியாக விழும் வெளிச்சத்தில் புத்தகம் படிக்கும் குட்டிப் பிக்கு, புகை விட்டபடி சிரிக்கும் கிழவர். படத்துக்குப் படம் ஒரு சீட்டு, விலை போனதென்றால் அதன் மேல் ஒரு சிவப்புப் பொட்டு. வாசலில் உன்னைப் பற்றி ஒரு பலகை. 'சேற்றில் பிறந்தவன்' என்று அதில் எழுதியிருந்தாய். நீ பிறந்தது பெரியாஸ்பத்திரியில், தலைக்கு மேல் ஃபேன் சுற்றிய வார்டில். கூட இருந்தவள் நான், எனக்குத் தெரியாதா? சரி, பேச்சுக்குச் சொல்வதுதானே என்று அதையும் விட்டேன். உன் அப்பா சிங்கப்பூர் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். தண்ணீர் ஓரத்தில் வரிசையாகக் கட்டடங்கள், எல்லாச் சன்னலிலும் விளக்கு. பதினோரு வருஷம் அவர் அங்கே கம்பி கட்டினார். "நாங்க கட்டுனது இதுல வரலியேடா. கொஞ்சம் அந்தாண்ட தள்ளி எடுத்திருக்கலாம்ல?" என்று கேட்டார். "அது சும்மா குடியிருப்புப்பா. ஃபிரேம் கெட்டுடும்" என்று சொல்லிவிட்டு யாரையோ வரவேற்கப் போனாய். அவர் "ஓ" என்றார். அதற்கப்புறம் எந்தப் படத்தின் முன்னாலும் அவர் நிற்கவில்லை. டீ கொடுத்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அஞ்சம்மாள் யாரென்று உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பதின்மூன்று வயதில் வயலில் இறங்கினேன், முப்பதில் கரையேறி அங்கன்வாடி வேலைக்குப் போனேன். அந்தப் பதினேழு வருஷமும் என் வலது பக்கத்தில் நட்டவள் அஞ்சம்மாள். அவள் கை வேகத்துக்குத்தான் என் கை பழகியது. அவள் இன்னும் நடுகிறாள், மெஷின் இறங்க முடியாத மூலை முடுக்குகளில். உன் கண்காட்சிக்கு வா என்று நான்தான் கூப்பிட்டேன். எங்கள் வேலையைப் படம் பிடித்து ஏசி ரூமில் மாட்டியிருக்கிறான் என் பிள்ளை என்ற பெருமை. அவள் வந்தாள். உன் பெரிய படத்தின் முன்னால் நின்றாள். இடுப்பில் கை வைத்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு, ஓட்டல் வேலைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஏண்டி, இவ என்ன முன்னால போயி நடுறா? இவளுக்குப் பொடனியில கண்ணா?"

நீ ஓடி வந்து, "அத்தே, மெதுவா, மெதுவா" என்றாய். அவள் விடவில்லை. "மெதுவா என்னடா மெதுவா? கையப் பாரு. நாத்து முடியவே அவுக்கல. சாமிக்குப் பூ கொண்டாந்த மாதிரில்ல புடிச்சிருக்கா."

அப்போதுதான் நான் படத்தைப் படமாகப் பார்க்காமல் வயலாகப் பார்த்தேன். வயலை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாற்று நடுகிறவள் பின்னால்தான் போவாள். குனிந்து, முன்னால் ஒரு குத்து நாற்று வைத்து, ஒரு எட்டுப் பின்னால் எடுத்து வைப்பாள். நட்ட பயிர் அவள் கண்ணுக்கு முன்னால் இருக்கும், வெறும் சேறு முதுகுக்குப் பின்னால் இருக்கும். அப்படிப் போனால்தான் நட்டது மிதிபடாது. உன் படத்தில் அவளுக்கு முன்னால் வெறும் தண்ணீர். அதில் வானமும் அவள் நிழலும் கண்ணாடிபோல விழுந்திருக்கின்றன. பச்சை அத்தனையும் அவள் குதிகாலுக்குப் பின்னால். கிட்டே போய் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தேன். அவள் நிற்பதே நட்ட நாற்றின் மேல். இரண்டு குத்து பிடுங்கி மிதக்கிறது, ஒன்று அவள் பாதத்துக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறது. கையில் நாற்று முடி, கட்டிய கட்டு கட்டியபடியே இருக்கிறது. கட்டை அவிழ்க்காமல் எப்படி நடுவாள்? படத்தின் கீழே 'விடியலில் நடவு' என்று நீ எழுதியிருக்கிறாய்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு ரிசார்ட்காரரை அழைத்து வந்தாய். வெள்ளைச் சட்டை, நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். தாராசுரம் தாண்டி ஆற்றங்கரையில் கட்டிக்கொண்டிருக்கிறாராம், தை மாதம் திறப்பாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை அரை மணி நேரம் வயலில் இறக்கி நடவு நடச் சொல்வார்களாம், அப்புறம் கால் கழுவ வெந்நீர் கொடுப்பார்களாம். "அம்மா, நீங்க வந்து அவங்களுக்குச் சொல்லிக் கொடுப்பீங்களா?" என்று சிரித்தார். பிறகு படத்தைக் காட்டினார்.

"இப்படித்தானம்மா நடுவீங்க?"

நான் படத்தைப் பார்த்தேன். உன்னைப் பார்த்தேன். உன் முகம் பத்தாவது ரிசல்ட்டுக்குக் காத்திருந்த அன்றைக்கு இருந்ததுபோல இருந்தது. எனக்கு இரண்டு அடி தள்ளி அஞ்சம்மாள் நின்றாள்.

"ஆமாங்க" என்றேன்.

"சூப்பர். ரிசப்ஷன்ல எட்டடிக்கு மாட்டப் போறேன் தம்பி. கீழ ஒரு போர்டு வெச்சிருவோம். நடவு நட்ட தாயே பார்த்துச் சரின்னு சொன்ன படம்னு. ஃபாரின்காரனுக்கு அந்தக் கதைதான் வேணும்." அவர் சொல்லி முடிக்கும்போதே நீ சிவப்புப் பொட்டை ஒட்டிவிட்டாய்.

நான் ஏன் ஆமாங்க என்று சொன்னேன்? உனக்காகச் சொன்னேன் என்று எழுதினால் நீ நம்புவாய், எனக்கும் வசதியாக இருக்கும். ஆனால் அது பாதிதான். மறுபாதி அந்த ஆளின் குரல். வரப்பில் செருப்போடு நின்று கேட்கிற குரலை எனக்குப் பதின்மூன்று வயதிலிருந்தே தெரியும். "என்னம்மா, அடர்த்தியா நடுறீங்களா?" ஆமாங்க. "கூலி போதும்ல?" ஆமாங்க. "மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்ல?" ஆமாங்க. முடியாது என்று தெரிந்தாலும் ஆமாங்கதான். கேள்வி காதில் விழுந்து மூளைக்குப் போவதற்குள் பதில் வாயிலிருந்து போய்விடும். அங்கன்வாடியில் சேர்ந்து, மாநாட்டுக்குப் போய், மைக்கில் பேசி, ஆபீசரிடம் எதிர்த்துக் கேள்வி கேட்டு, அதெல்லாம் என்னை விட்டுப் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். போகவில்லை. ஒரு வெள்ளைச் சட்டை கேட்டதும் முதுகு தானாக வளைந்துவிட்டது. பண்ணைக்காரனுக்குச் சொன்ன ஆமாங்கவில் என் கூலிதான் குறைந்தது. இதில் இன்னொருத்தியின் நடவைப் பொய்யாக்கிவிட்டேன். அதற்குக் கீழே என் பெயரில் ஒரு பலகையும் வரப்போகிறது.

பஸ்ஸில் அஞ்சம்மாள் என் பக்கத்தில் உட்காரவில்லை. இடம் இருந்தும் முன்னால் போய் நின்றாள். அய்யம்பேட்டை தாண்டியதும் நானே எழுந்து போனேன். "பிள்ளை பொழப்புடி, அதான்" என்றேன். அவள் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தெரியாதவன் சொன்னா போயிட்டுப் போவுது. நீயே ஆமான்னுட்டியேடி. நான் பைத்தியக்காரியா அங்க நின்னேன்." உன்னை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. உன்னிடம் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை. என்னிடம் எதிர்பார்த்தாள். அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ரேஷன் கடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

மறுநாள் காலையில் நீ இட்லி தின்றுகொண்டிருந்தபோது கேட்டேன். நினைவிருக்கிறதா, நீ என்னென்ன சொன்னாய் என்று? மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

"அந்தப் பொண்ண எங்க பாத்த?"

"காலையில நடந்து போயிட்டிருந்தேம்மா. வயல்ல நட்டுக்கிட்டிருந்தாங்க. எடுத்தேன்."

"கையில முடி அவுக்காம இருக்கே?"

நீ இட்லியைப் பார்த்தாய். "கைடு ஒருத்தரு கூட வந்தாரு. அவருக்குத் தெரிஞ்சவங்கதான்."

"அப்ப நீயா நடந்து போவல."

"கைடோட நடந்து போனேன்."

"முடிய அவ கையில குடுத்தது யாரு?"

"கைடுதான். கையில ஏதாவது இருந்தா நல்லாருக்கும்னாரு. எல்லாரும் அப்படித்தாம்மா எடுக்குறாங்க. அந்த எடத்துக்குப் போற எல்லா போட்டோகிராபரும்."

"அவள யாரு திருப்பி நிக்க வெச்சா?"

"எதுக்குத் திருப்பி? என்னம்மா சொல்ற?"

"நட்டது அவளுக்குப் பின்னால கெடக்குது தம்பி."

"பின்னாலதானம்மா கெடக்கும்? மெஷின் முன்னால போவுது, நட்டது பின்னால வருது. நம்மூர்லயே எத்தன தடவ பாத்திருக்கேன்."

நான் சட்னிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். மூன்று கேள்விக்கு மூன்று கதை சொன்ன ஆள், நாலாவதில் பொய் சொல்லவில்லை. உனக்கு நிஜமாகவே தெரியாது. மெஷின் முன்னால் போகும், நட்டது அதன் பின்னால் நிற்கும். மனுஷி பின்னால் போவாள், நட்டது அவள் முன்னால் நிற்கும். நடவு நட்டவளின் வயிற்றில் பிறந்த உனக்கு நடவு என்றால் மெஷின். ஒரு பெண்ணை மெஷின் போகிற திசையில் நிறுத்தி எடுத்திருக்கிறாய், அது தப்பென்றுகூடத் தெரியாமல். கைடுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெண்ணுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். இப்படி நிற்கச் சொன்னபோது அவளும் அவள் பாஷையில் ஆமாங்க என்றுதான் சொல்லியிருப்பாள் என்று என் சந்தேகம். நீ போன பிறகு பிடுங்கி மிதந்ததையும் மடங்கிக் கிடந்ததையும் அவளே குனிந்து திரும்ப நட்டிருப்பாள் என்பதும் சந்தேகம். அது அவள் வயலா, கூலிக்கு நடுகிற வயலா? கூலிக்கு என்றால் மிதித்ததற்கு யாரிடம் ஏச்சு வாங்கினாள்? நீ கேட்டாயா?

உனக்குத் தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். ஏழு வயதில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு நேராக வயலுக்கு ஓடி வந்தாய். பையை வரப்பில் போட்டுவிட்டு அரைக்கால் சட்டையோடு என்னிடம் வர இறங்கினாய். முழங்கால் வரை சேறு. நான் கையிலிருந்த நாற்று முடியாலேயே உன்னை அடித்தேன். தொடையில், முதுகில். வேர்ச்சேறு உன் வெள்ளைச் சட்டையெல்லாம் தெறித்தது. நீ அழுதுகொண்டே கரையேறினாய். "ஏண்டி பச்சப்புள்ளையப் போட்டு அடிக்கிற?" என்று அஞ்சம்மாள் என் கையைப் பிடித்தாள். இன்னொருத்தி, "கலெக்டர் காலுல சேறு படக்கூடாதாம்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உனக்குக் கலெக்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நீ படிப்பு முடித்து ஊருக்கு வரும்வரை அந்தப் பெயர் நிலைத்தது. எனக்கு அதில் வெட்கமே இல்லை, பெருமைதான். நாங்கள் மிதித்த சேற்றை நீ மிதிக்கக்கூடாது என்பது ஒன்றுதான் அப்போது என் அரசியல், என் படிப்பு, என் சாமி எல்லாம். நம் தெருவில் பாதிப் பேர் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தோம். வயல் வழியாகப் போகாதே, ரோட்டைச் சுற்றிப் போ என்றோம். ஸ்கூல் பாரத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்று எழுதச் சொன்னேன். இப்போது உன் பலகையில் நீ என்னைச் சேற்றில் நிறுத்துகிறாய். அன்றைக்கு மறைத்தால் உனக்கு நல்லது. இன்றைக்குக் காட்டினால் உனக்கு நல்லது. இரண்டு முறையும் உன் நல்லதுக்குத்தான் நான் இடம் மாறியிருக்கிறேன். முதல் முறை நானாக மாறினேன். இந்த முறை என்னைக் கேட்டாயா?

வெளிநாட்டுப் படம் பொய் சொல்லும் என்பது எனக்குப் புதிதில்லை. உன் அப்பா சிங்கப்பூர் போன முதல் வருஷம் ஒரு போட்டோ அனுப்பினார். நீல நிறச் சோபாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் பூச்சாடி, பின்னால் பெரிய கண்ணாடி. நான் அதைத் தெரு முழுக்கக் காட்டினேன். சோபாவின் கைப்பிடியில் ஒரு சின்ன அட்டை நூலில் தொங்கியது. அது விலைச்சீட்டு. கடையில் விற்பனைக்கு வைத்திருந்த சோபா அது. முதல் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்தவர்களுக்குக் காட்டும்போது அந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்துக்கொள்வேன். ஒரு ரூமில் பன்னிரண்டு பேர் அடுக்குக் கட்டிலில் படுத்திருந்ததை அவர் திரும்பி வந்த பிறகுதான் சொன்னார். அவர் ஏமாற்றினார், நான் கூடச் சேர்ந்து மறைத்தேன். ஆனால் அவர் உட்கார்ந்தது தன் உடம்பை வைத்து. அவமானம் வந்தாலும் அவருக்குத்தான் வரும். நீ இன்னொருத்தியின் உடம்பை வைத்துப் பொய் சொல்லியிருக்கிறாய். அவளுக்கு அது எந்த ஊர்ச் சுவரில் தொங்குகிறது என்றுகூடத் தெரியாது.

இப்போது எனக்கு எல்லாப் படத்தின் மேலும் சந்தேகம். அந்த மீன்காரர் மீன் பிடிக்கிறாரா, ஒற்றைக் காலில் நிற்பதுதான் அவர் தொழிலா? அந்தக் குட்டிப் பிக்கு படிக்கிற புத்தகம் நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா? கிழவர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்? அவருக்கு முன்னால் எத்தனை கேமரா நின்றது? தப்பாக நினைக்காதே, படம் எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. விற்காதே என்றும் சொல்லவில்லை. உனக்கு அதுதான் தொழில், தொழில் செய்கிறவன் விற்றுத்தான் ஆகவேண்டும். விற்கும்போது எதை விற்கிறாய் என்று சொல். 'இந்தப் பெண் எனக்காக நின்றாள்' என்று சீட்டில் எழுது. அப்படி எழுதினால் வாங்க மாட்டார்கள் என்றால், அவர்கள் வாங்குவது உன் படத்தை இல்லை என்று தெரிந்துகொள்.

இதையெல்லாம் உன்னிடம் நேரில் பேசி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நம் தெருவில் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண், "அண்ணன் டூர் கூட்டிட்டுப் போறாருபோல, அத்தை" என்று உன் விளம்பரத்தைக் காட்டினாள். பத்துப் பேரைக் கேமராவோடு ஐந்து நாளைக்கு அழைத்துப் போகிறாய். அதே மலை, அதே வயல். 'விடியலில் நடவுக் காட்சி நிச்சயம்' என்று போட்டிருக்கிறாய். நடவு எப்படி நிச்சயமாகும் தம்பி? மழை, தண்ணீர், நாற்றின் வயது, ஆள் கிடைப்பது, இதில் ஒன்று பிசகினாலும் நடவு தள்ளிப் போகும். நாங்கள் ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று வாய்க்காலைப் பார்த்தபடி எத்தனை ஆனி, ஆடி உட்கார்ந்திருந்தோம். நீ தேதி போட்டு நிச்சயம் என்கிறாய். நிச்சயமாக இருப்பது நடவு இல்லை, அவள். அவளை ஐந்து நாளும் காலையில் கொண்டு வந்து நிறுத்துவார்கள். பத்துப் பேரும் அவரவர் கோணத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கை காட்டுவார்கள். அவள் நட்டதை அவளே மிதித்துக்கொண்டு நிற்பாள்.

அவளை அவள் போகிற திசையிலேயே விட்டால் என்ன ஆகும் என்று உன்னிடம் கேட்டேன். "தண்ணிப் பக்கம் நின்னு எடுத்தா பின்பக்கம்தாம்மா தெரியும், அதை யாரு வாங்குவா?" என்றாய். உண்மைதான், பின்பக்கம்தான் தெரியும். வரப்பில் குடை பிடித்து நின்றவர்கள் எங்களிடம் பதினேழு வருஷம் அதைத்தான் பார்த்தார்கள். அதனால்தான் புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி அதற்கு மேல் ஒரு பழைய சட்டையையும் மாட்டிக்கொண்டு இறங்குவோம். முகம் தெரியவேண்டும் என்று நீ நினைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் முகத்தைக் காட்ட அவள் வேலையை அழித்துவிட்டாய். அவள் ஒரு வரிசை முடித்து நிமிர்ந்து இடுப்பைப் பிடிப்பாள் பார், அப்போது திரும்பிப் பார்ப்பாள். அதுவரை காத்திருக்க உன்னோடு வருகிற பத்துப் பேருக்கும் பொறுமை இருக்காது. உனக்கு இருக்கிறதா?

அங்கே நீ எப்படி நடந்துகொள்வாய் என்பது என் கையில் இல்லை. விமானம் ஏறிய பிறகு உன்னை நாற்று முடியால் அடிக்க முடியாது. என் கையில் இருப்பது நான் சொன்ன ஒரு வார்த்தை மட்டும்தான். அந்தப் பலகை இன்னும் எழுதப்படவில்லை. எட்டடிப் படமும் இன்னும் உன் பிரேம்காரரிடம்தான் இருக்கிறது என்று உன் அப்பா சொன்னார். பலகை மாட்டிவிட்டால் அப்புறம் அஞ்சம்மாளுக்கு மட்டுமில்லை, அந்த ரிசார்ட்டில் பாத்திரம் கழுவவும் பாய் விரிக்கவும் போகப்போகிற நம் பெண்கள் அத்தனை பேருக்கும் நான் பொய்ச்சாட்சி. அவர்களுக்கு நடவு தெரியும். தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போவார்கள். என்னைப் பற்றி என்ன சொல்லிச் சிரிப்பார்கள் என்று எனக்குக் கேட்காமலே கேட்கிறது.

நானே தனியாகப் போய்ச் சொல்லியிருப்பேன். போன செவ்வாய்க்கிழமை தாராசுரம் தாண்டி அந்த ரிசார்ட் வரைக்கும் போனேன். கட்டட வேலை நடக்கிற கேட்டில் வாட்ச்மேன் என் புடவையைப் பார்த்துவிட்டு, "சித்தாள் வேலைக்கா? மேஸ்திரி அந்தப் பக்கம் இருக்காரு" என்றான். போட்டோக்காரரின் அம்மா என்று சொன்னேன். "எந்தப் போட்டோக்காரரு?" என்றான். முதலாளி ஊரில் இல்லையாம், உள்ளே விடச் சொல்லவில்லையாம். என் வார்த்தையை எட்டடிப் படத்துக்குக் கீழே மாட்டிக்கொள்வார்கள், என்னைக் கேட்டுக்குள் விட மாட்டார்கள். திரும்பி வரும்போதே உனக்கு எழுதினேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் எழுதினேன். இரண்டும் நீ படித்துவிட்டாய் என்று நீலக் கோடு காட்டுகிறது. இரண்டுக்கும் கட்டைவிரல்கூட வரவில்லை.

அதனால் மூன்றாவது முறையாக, இங்கே எழுதுகிறேன். நீ கிளம்புவதற்கு முன் என்னையும் அஞ்சம்மாளையும் அந்த ஆளிடம் அழைத்துப் போகவேண்டும். நீ ஒன்றும் பேச வேண்டாம். நான் சொன்னது தப்பு, இப்படி யாரும் நட மாட்டார்கள் என்று நானே சொல்கிறேன். அஞ்சம்மாள் கேட்க, நீ பக்கத்தில் நிற்க, நான் சொல்லவேண்டும். அதன் பிறகு அவர் படத்தை மாட்டினாலும் சரி, திருப்பிக் கொடுத்தாலும் சரி. அஞ்சம்மாளிடம் நான் இன்னும் கேட்கவில்லை. நீ வருகிறாய் என்று தெரிந்தால்தான் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க எனக்குக் கால் வரும்.

என்றைக்கு வருகிறாய்? கிழமையைச் சொல்.